கடாரம் பேசும் நாம் எந்தக் கழகத்தில் இருக்கிறோம்?

நம் தமிழ் அமைப்புகளின் மேடைகளில் கடாரம் பேசப்படாத ஆண்டே இல்லை எனலாம். பட்டிமன்றமோ நாடகமோ பேச்சுப் போட்டியோ, 1025-ஆம் ஆண்டில் முதலாம் இராஜேந்திர சோழனின் கப்பற்படை கடல் கடந்து வந்த கதை எப்படியாவது நுழைந்துவிடும். கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால், அந்தக் கடாரத்தின் செங்கல்லையும் கல்வெட்டையும் பற்றி ஆய்வாளர்கள் கூடிப் பேசும் கழகங்களில் நம்மில் எத்தனை பேர் உறுப்பினர்கள்? என் வகுப்புத் தோழர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். அப்படிப்பட்ட கழகங்கள் இருப்பதே அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருந்தது. எனவேதான் இக்கட்டுரை.

தொல்லியலில் கழகம் என்பது ஆண்டுக்கு ஒரு முறை விருந்துண்டு கலையும் கூட்டமன்று. கண்டெடுத்த பொருள் எங்கே போகும், யார் அதைப் படிப்பார், எந்த மொழியில் எழுதப்படும் என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் கழகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் மாலுமி தன் பயணம் இனிதே அமைய வேண்டிப் பொறித்த கல் அது. ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. லோ அதை எங்கே அனுப்பினார்? கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகத்துக்கு. இன்றும் அது கொல்கத்தாவில்தான் இருக்கிறது. 1843-இல் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்திலிருந்த பெரிய கல்வெட்டுப் பாறையை வெடி வைத்துத் தகர்த்தபோது, அதன் துண்டுகளில் சிலவற்றைக் காப்பாற்றியவரும் இதே லோதான். அவையும் கல்கத்தாவுக்கே சென்றன. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று இங்கே அனுப்புவதற்கு ஒரு கழகம் இருக்கவில்லையே!

அந்தக் குறை 1877-இல் தீர்ந்தது. சிங்கப்பூரில் நீரிணை ஆசியக் கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அது அரச ஆசியக் கழகத்தின் கிளையானது. 1923-இல் மலாயாக் கிளை எனவும், 1964-இல் மலேசியக் கிளை எனவும் பெயர் மாறி இன்றும் இயங்கி வருகிறது. பூஜாங் பள்ளத்தாக்கு பற்றி நாம் மேடையில் சொல்லும் செய்திகளில் பெரும்பகுதி இக்கழகத்தின் ஆய்விதழ் வழியாக வந்தவை. குவாரிச் வேல்ஸ் தம் மனைவி டோரதியுடன் 1936, 1937-ஆம் ஆண்டுகளில் கெடாவில் நடத்திய அகழாய்வின் அறிக்கை 1940-இல் வெளிவந்தது இவ்விதழில்தான். தாம் கண்ட இடங்களுக்கு அவர் இட்ட எண்களையே நாம் இன்றும் பயன்படுத்துகிறோம். புக்கிட் பத்து பாஹாட் சண்டியை ‘எட்டாம் எண்’ என்று சொல்வது அவருடைய கணக்குத்தான்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வேல்ஸ் தம் அறிக்கையின் தலைப்பிலேயே ‘இந்தியக் குடியேற்றம்’ என்று எழுதினார். நம்மவர்களுக்கு அந்தச் சொல் இனிக்கிறது, மேடைக்கும் ஏற்றது. ஆனால், பின்வந்த அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. உள்ளூர் மக்கள் தங்கள் ஆட்சியையும் வணிகத்தையும் தாங்களே நடத்தினர். இந்தியாவிலிருந்து வந்த சமயத்தையும் எழுத்தையும் தங்களுக்கு ஏற்றவாறு எடுத்தாண்டனர் என்பது அவர்கள் கருத்து. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து கண்ட இரும்பு உருக்கும் உலைகளும் உள்ளூர்த் தொழிலின் வலிமையையே காட்டுகின்றன. கழகத்தில் உறுப்பினராகி இதழ்களைத் தொடர்ந்து படிப்பவருக்கு இந்த வாதம் தெரியும். வாட்ஸ்அப்பில் வரும் பெருமைச் செய்தியை மட்டும் படிப்பவருக்குத் தெரியாது. வேற்றினத் தோழர் ஒருவர் கேள்வி கேட்டால் நமக்குக் கோபம் வரும், பதில் வராது.

2013 டிசம்பரில், சுங்கை பத்துவிலிருந்த பதினோராம் எண் சண்டியை ஒரு மேம்பாட்டு நிறுவனம் இடித்துவிட்ட செய்தி வெளியானது. நிலம் தனியாருக்குச் சொந்தமானது. அந்த இடம் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் அரசிதழில் பதிவு செய்யப்படவும் இல்லை. நாட்டில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அப்போது உரத்துக் குரல் கொடுத்தவற்றுள் ஒன்று டத்தோ வீ. நடராஜன் தலைமையிலான பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டம். அவர் தொழிலால் வழக்கறிஞர், தொல்லியலாளர் அல்லர். ஆயினும் பல ஆண்டுகள் அந்த இடங்களைத் தேடிச் சென்று நூலும் எழுதியவர். எனவே செய்தியாளர்கள் அவரைத் தேடி வந்தனர். இடித்த பின் ஆயிரம் பேர் கண்டனம் எழுதலாம். இடிப்பதற்கு முன்பே ‘இந்த இடம் இன்னும் பதிவாகவில்லை’ என்று கவனித்துச் சொல்ல, அதே வேலையாக இருக்கும் பத்துப் பேர் வேண்டும். தேசிய மரபுடைமைக்கு ஒன்றை முன்மொழியும் உரிமையைச் சட்டம் பொதுமக்களுக்கும் கொடுத்திருக்கிறது. ஆனால், வரைபடமும் ஆய்வுச் சான்றும் இணைக்காத முன்மொழிவு எவ்வளவு தூரம் போகும்?

அப்படியானால் எதில் சேர்வது? அரச ஆசியக் கழகத்தின் மலேசியக் கிளையில் சேர வரலாற்றுப் பட்டம் தேவையில்லை, ஆர்வம் போதும். பழைய கட்டடங்களில் நாட்டம் உள்ளவருக்கு 1983-இல் தொடங்கிய மலேசிய மரபுடைமை அமைப்பான ‘பாடான் வாரிசான் மலேசியா’ பொருத்தம். கட்டடக் கலையோ பாதுகாப்புத் துறையோ பயில்வோர் இக்கோமோஸ் அமைப்பின் மலேசியக் குழுவை நோக்கலாம். உலக மரபுடைமைப் பட்டியலுக்கு வரும் பண்பாட்டு இடங்களை மதிப்பிட்டு யுனெஸ்கோவுக்குப் பரிந்துரைப்பது இக்கோமோஸ்தான். கல்வெட்டுப் பக்கம் மனம் போகிறதா? தஞ்சாவூரைச் சார்ந்த தமிழகத் தொல்லியல் கழகம் ‘ஆவணம்’ என்ற இதழைத் தமிழிலேயே வெளியிடுகிறது. புதிதாகக் கண்டறிந்த கல்வெட்டுகளை அதில் வாசகத்தோடு பார்க்கலாம்.

தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்து வந்த என்னைப் போன்றோருக்கு இத்துறையில் ஒரு வசதி உண்டு. சுங்கை பத்து ஆய்வுகளில் பல மலாயில் உள்ளன. வேல்ஸ் எழுதியது ஆங்கிலத்தில். கல்வெட்டு தமிழில். இம்மூன்றையும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் படிக்கக்கூடியவர்கள் உலகில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்; நம் விரிவுரை மண்டபத்தில் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்ததோடு தமிழை மூட்டை கட்டி வைத்துவிட்ட நண்பர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

கழகமாகக் கூடுவது நமக்குப் புதிதும் அன்று. சுமத்ராவின் பாருசில் 1088-ஆம் ஆண்டு கல்வெட்டை நிறுத்தியவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தார் முதலானோரின் காவலில் விட்டதைச் சொல்கிறது. குளம் வெட்டியவர் அதைத் தனி ஆளிடம் விட்டுவிட்டுப் போகவில்லை, பாருங்கள்.

சேர்ந்தவுடன் எதைப் படிப்பது என்று கேட்போருக்கு: இந்தத் தக்குவாபா கல்வெட்டைப் பற்றிப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1949-இல் எழுதிய கட்டுரை மலாயாக் கிளையின் இதழில் இருக்கிறது. சில பக்கங்களே. அதை முடித்த கையோடு, நாகப்பட்டினம் முதல் சுவர்ணத் தீவு வரையிலான சோழர் கடற்பயணம் குறித்துச் சிங்கப்பூரில் 2009-இல் வெளிவந்த தொகுப்பை எடுத்து, பின்னிணைப்பில் கராஷிமாவும் சுப்பராயலுவும் தந்திருக்கும் கல்வெட்டு வாசகங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.