கொழுக்கட்டை ஏன் வாய் பிளக்கிறது?

கேள்வி: ஆடிப்பிறப்புக்கு அவிக்கும் கொழுக்கட்டை ஒவ்வொரு முறையும் வெடித்துப் பாணி ஒழுகுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: பெரும்பாலும் தண்ணீரின் சூடு போதாததுதான் காரணம். அரிசிமாவில் கோதுமைமாவைப்போல் இழுவை கிடையாது. தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் பட்டால்தான் மாப்பசை இளகி ஒட்டும். வறுத்த அரிசிமாவில் அதை விட்டு, அகப்பைக்காம்பால் கிளறி, கைபொறுக்கும் சூட்டிலேயே குழையுங்கள். பலர் அவித்த கோதுமைமாவும் கொஞ்சம் சேர்ப்பார்கள். ஆனால் அவித்த மாவிலும் அந்த இழுவை போய்விடும், அதனால் சுடுதண்ணீரைத் தவிர்த்துவிடாதீர்கள். பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடிவையுங்கள்.

அடுத்தது உள்ளுடன். வறுத்த பயறு மலர வேகவேண்டும், குழையக்கூடாது. தண்ணீரை முற்றாக வடித்து, ஆறியபின் தேங்காய்ப்பூவும் தூளாக்கிய பனங்கட்டியும் சேருங்கள். சூட்டோடு சேர்த்தால் பனங்கட்டி இளகிப் பாணியாகிவிடும். விளிம்பில் உள்ளுடன் படாமல் அழுத்தி மூடி, பிறகு பல்லுப்பல்லாகக் கிள்ளுங்கள். அந்தக் கிள்ளல் அழகுக்கு மட்டுமல்ல, மூட்டை இறுக்குவதும் அதுதான்.

உக்ரைன் வீடுகளில் இதே பிறை வடிவில் வரேனிகி செய்கிறார்கள். உள்ளே உருளைக்கிழங்கு அல்லது புளிப்புச் செர்ரி. அது பச்சைக் கோதுமைமா என்பதால் கொதிதண்ணீரிலேயே போட்டு எடுக்கலாம். நம்முடையதை அப்படிப் போட்டால் கரைந்துவிடும். ஆவிதான் சரி, பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.