ஆடியில் ஊசி, ஐப்பசியில் குஞ்சு

பெருமாள் ஏரியும் வாலாஜா ஏரியும் ததும்புவது வடகிழக்குப் பருவமழையில்தான். அந்த நேரத்தில் விடுவதற்கு விரல் நீளக் குஞ்சு தயாராக இருக்க வேண்டும். பொரித்த குஞ்சு அந்த அளவுக்கு வர இரண்டரை, மூன்று மாதம் பிடிக்கும். ஆகவே குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் சினைமீன் வளர்ப்பவர்கள் ஊசி போட வேண்டிய மாதம் ஆடிதான்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை. குளத்தில் சினை பிடித்தாலும் தானாக முட்டை விடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டையை முட்டையிட வைத்த பிறகுதான் நமக்கு இந்த வழி திறந்தது.

ஒன்றை மனதில் வையுங்கள்: பிஞ்சுச் சினையை எந்த மருந்தும் ஒரே இரவில் முற்ற வைக்காது. மருந்து பெரும்பாலும் வீணாவது மீனைத் தேர்ந்தெடுப்பதில்தான். பெண்மீனின் வயிறு மெத்தென்று உப்பி, புழை சிவந்திருக்க வேண்டும். ஆண்மீனின் மார்புத் துடுப்பு தடவினால் சொரசொரக்கும். வயிற்றை லேசாக அழுத்தினால் பால் வரும். சோதிக்கிறேன் என்று திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள்.

பிட்யூட்டரிச் சாறு என்றால் பெண்மீனுக்கு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. கடையில் கிடைக்கும் ஓவாப்ரிம் போன்ற மருந்து ஒரே ஊசியில் முடியும். அதிலுள்ள ஹார்மோன் மீனின் சொந்தப் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. கூடவே இருக்கும் டோம்பெரிடோன், அதற்குக் குறுக்கே நிற்கும் டோபமைனை விலக்குகிறது. பெண் ரோகுவுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.4 மி.லி., கட்லாவுக்குச் சற்றுக் கூடுதல், ஆண்மீனுக்கு 0.1 முதல் 0.2 மி.லி. போதும். மீனை எடைபோட்டே அளவிடுங்கள்.

நம் பக்கத்து ஆடி வெயிலில் பகலில் மீனைத் தொடவே வேண்டாம். பொழுது சாய்ந்ததும் ஈரத்துணியால் கண்ணை மூடி, வால் பக்கத்துச் சதையில், பக்கக்கோட்டுக்கு மேலே, செதிலுக்கு அடியில் சாய்வாகக் குத்துங்கள். மருந்து கெட்டியானது, மெல்ல ஏற்றி, ஊசியை எடுத்ததும் அந்த இடத்தைத் தேய்த்துவிடுங்கள், வெளியே கசியாது. பிறகு ஹாப்பா எனும் வலைத்தொட்டியில் விடுங்கள், விடியலுக்குள் முட்டை தெரியும்.

தீனியில் கலந்தாலே சினை முற்றிவிடும் என்று விற்கும் பொடிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். இந்த ஹார்மோன் புரத வகை. பெரும்பகுதி குடலிலேயே செரித்துப் போகும்.

பரங்கிப்பேட்டைப் பக்கம் கொடுவா வளர்ப்பவர்களுக்கு வேறு முறையும் உண்டு. சதைக்குள் வைக்கும் மாத்திரை, மருந்தைப் பல நாட்களுக்குச் சிறிது சிறிதாக விடும். சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவையும், 2015-இல் மாத்திரை முறையில் பால்மீனையும் வளர்ப்பிலேயே முட்டையிட வைத்தது. கெண்டைக்கு இந்தச் செலவு தேவையில்லை.

கட்லாவையும் ரோகுவையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள். கலப்பினக் குஞ்சு வரும். உங்கள் குளத்துச் சினைமீன்கள் எல்லாம் ஒரே தாயின் குஞ்சுகள் என்றால், ஆண்மீனையாவது இப்போதே வேறு பண்ணையிலிருந்து வாங்கி வையுங்கள்.