ராணுவத்தில் வந்த முதுகுவலி... பென்ஷன் கிடைக்குமா?

உங்கள் வீட்டில் கணவரோ, மாமனாரோ, அண்ணனோ ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவரா? அவர் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். சட்டென்று எழுகிறாரா, இல்லை ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்து, பிறகுதான் நிற்கிறாரா? கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, வயசாச்சு இல்லையா" என்பார். நாற்பத்திரண்டு வயதில் என்ன வயசாச்சு?

முதுகெலும்பு ஒற்றை எலும்பு இல்லை. அடுக்கடுக்கான எலும்புகள், நடுவே ஒவ்வொன்றுக்கும் ஒரு மெத்தை. அதைத்தான் 'டிஸ்க்' என்கிறோம். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ் போன்ற பகுதி. பாரம் அதிகமாகி வளையம் கிழிந்தால் கூழ் பிதுங்கி, பக்கத்திலுள்ள நரம்பை அழுத்தும். அப்போதுதான் இடுப்பில் ஆரம்பித்த வலி பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இறங்கும். பெரும்பாலும் அவதிப்படுவது இடுப்புப் பகுதியின் கடைசி இரண்டு மெத்தைகள்தாம்.

ராணுவ வேலையை நினைத்துப் பாருங்கள். முதுகில் மூட்டையோடு மலையேற்றம், மேடு பள்ளத்தில் மணிக்கணக்காக லாரி ஓட்டுவது, பீரங்கிக் குண்டுப் பெட்டிகளைக் குனிந்து தூக்குவது... மெத்தை தேயாமல் என்ன செய்யும்?

ஆனால், வலி இருந்தால் மட்டும் ஊனப் பென்ஷன் வந்துவிடாது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓய்வு பெறும்போது மருத்துவ போர்டு இரண்டு விஷயங்களை எழுதும். ஒன்று, ஊனம் எத்தனை சதவிகிதம். இரண்டாவது, அது ராணுவப் பணியால் வந்ததா, அல்லது ஏற்கெனவே இருந்தது பணியால் அதிகமானதா என்பது. சதவிகிதம் குறைந்தது 20 இருக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கும் 'ஆமாம்' என்று பதில் இருக்க வேண்டும். முதுகுவலிக்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டாவதில்தான். 'வயதால் வந்த தேய்மானம், பணிக்குச் சம்பந்தமில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கால் துண்டானால் கண்ணுக்குத் தெரியும். டிஸ்க் பிதுங்கியது யாருக்குத் தெரியும்? அதற்குப் பேப்பர்தான் சாட்சி.

அந்தப் பேப்பர் ஏன் இருப்பதில்லை தெரியுமா? ஜவான்களே வலியை மறைப்பதால்தான். சிக் ரிப்போர்ட் போட்டால் மருத்துவத் தரம் இறங்கும், பதவி உயர்வு தள்ளிப்போகும் என்ற பயம். ராணுவ டிரைவராக இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். வண்டி டயர் மாற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. எம்.ஐ. ரூமில் மாத்திரை வாங்கிக்கொண்டு மறுநாளே வண்டி எடுத்துவிட்டார். "பசங்க முன்னாடி படுத்துக் கிடக்கறதா?" என்று ரோஷம் வேறு! பன்னிரண்டு வருஷம் கழித்து போர்டில், 'எப்போது ஆரம்பித்தது?' என்று கேட்டபோது அவரிடம் தேதி இல்லை. கடைசியில் அவர் மனைவிதான் ட்ரங்க் பெட்டியைக் குடைந்து, ராணுவ மருத்துவமனையில் ஒன்பது நாள் படுத்திருந்த டிஸ்சார்ஜ் சீட்டைக் கண்டுபிடித்தார். அதை வைத்து அப்பீல் போட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.

சட்டம் முழுக்க எதிராக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். தரம்வீர் சிங் வழக்கில் 2013ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு தந்தது. அவருக்கு இருந்தது வலிப்பு நோய். என்றாலும் முதுகுக்காரர்களுக்கும் உதவுகிற தீர்ப்பு. ராணுவத்தில் சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லையா? அப்படியானால் அவர் நல்ல ஆரோக்கியத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணியால் வரவில்லை என்று சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியது அரசுதான் என்றது கோர்ட். அது 1982ம் வருஷ விதிகளை வைத்துச் சொன்னது. 2008லும் 2023லும் விதிகள் மாறியிருக்கின்றன. அதனால் அவர் ஓய்வு பெற்ற தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்று முதலில் கேளுங்கள்.

எல்லா வலிக்கும் பணம் வரும் என்றும் நான் சொல்லவில்லை. லீவில் வந்து ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவருக்கு ஊனப் பென்ஷன் இல்லை என்று 2011ல் அதே கோர்ட் சொல்லியிருக்கிறது. காயத்துக்கும் பணிக்கும் தொடர்பு வேண்டும்.

பணம் எவ்வளவு? பழைய விதிகளின்படி 100 சதவிகித ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம். சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 12,000. ஊனம் 20 சதவிகிதம் என்றால் 2,400தான். ஆனால், 50க்குக் கீழே உள்ளதை 50 ஆகக் கணக்கிடும் சலுகை உண்டு. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது அது 6,000 ஆகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது சின்னத் தொகையா?

சரி, இன்று என்ன செய்யலாம்? டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆர்டர், மருத்துவ போர்டு அறிக்கை, பழைய மருத்துவமனைச் சீட்டுகள், ஸ்கேன் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போடுங்கள். போர்டு அறிக்கையின் நகல் இல்லையென்றால் எழுதிக் கேட்டு வாங்குங்கள். பிறகு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். மனு தள்ளுபடியானால் முதல் அப்பீல், இரண்டாவது அப்பீல், அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அதற்குக் கிளை இருக்கிறது. நிராகரிப்புக் கடிதம் வந்தால் அலமாரியில் செருகி வைக்காதீர்கள். அப்பீலுக்குக் காலக்கெடு உண்டு. வருஷக்கணக்கில் தூங்கிவிட்டுப் போனால் பழைய பாக்கி முழுவதும் கிடைக்காமல் போகலாம்.

இன்னும் பணியில் இருக்கும் தம்பிக்கு ஃபோன் செய்தால், "வலி வந்த அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லி எழுத வைப்பா" என்று சொல்லிவையுங்கள்.

ஃபைல் ஒருபக்கம் இருக்கட்டும். முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தன்னையறியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் திடீரென்று வலுவிழந்தாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அது அவசரம். அன்றைக்கே, ராத்திரியானாலும் சரி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.