மல்லிகைக்குக் கவாத்து: வெட்டத் தயங்க வேண்டாம்



கொல்லையில் உள்ள குண்டுமல்லிப் பூவைக் கட்டி விற்று, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவைச் சமாளிக்கும் தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "செடி புதர்போல் அடர்ந்திருக்கிறது, பூ மட்டும் குறைந்துவிட்டதே" என்பது அவர்கள் கவலை. கவாத்து செய்யாததே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

மல்லிகை புதுத் துளிரில்தான் அரும்பு வைக்கும். பழைய கிளைகள் முற்றி, செடிக்குள் வெயிலும் காற்றும் புகாவிட்டால் துளிர் குறையும். அதோடு பூவும் குறையும்.

எப்போது வெட்டுவது?

நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். நம் டெல்டாவில் அது அடைமழைக் காலம். ஆகவே மழை விட்டு, இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்ததும் வெட்டுங்கள். பனிக் காலத்தில் எப்படியும் பூ குறைவு என்பதால் வருமான இழப்பும் அதிகமிராது. முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் ஏற்றது.

எப்படி வெட்டுவது?

1. வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள்.
2. காய்ந்த, நோயுற்ற, ஒன்றோடொன்று உரசும் கிளைகளை முதலில் நீக்குங்கள்.
3. கூரான கத்தரியால் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். மொட்டை அரிவாளால் வெட்டினால் கிளை பிளந்து அழுகும்.
4. தடித்த வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு தூளைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். பூசியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
5. வேரைச் சுற்றிக் கொத்தி, வளர்ந்த செடி ஒன்றுக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் இட்டு நீர் பாய்ச்சுங்கள். தொட்டிச் செடிக்கு இரண்டு கைப்பிடி போதும்.

ரோஜா வைத்திருப்போர்

வாடிய பூவைச் செடியிலேயே விடாதீர்கள். விட்டால் செடி தன் சத்தைக் காய்க்கும் விதைக்கும் செலவிடும். பூவுக்குக் கீழே ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் இலைக்குச் சற்று மேலே நறுக்குங்கள். அந்தக் கணுவிலிருந்து புதுக் கிளை வரும்.

பச்சைச் செடியை வெட்ட மனம் வராதவர்கள், நான்கு செடி இருந்தால் இந்த ஆண்டு இரண்டை மட்டும் வெட்டிப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் இரண்டு பக்கத்துப் பூவையும் தனித்தனியே அளந்து பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த கார்த்திகையில் மற்ற இரண்டையும் நீங்களே வெட்டுவீர்கள்.