கதிரும் பாப்பிப் பூவும்

செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தின் சிற்றூர்களில் மரங்களின் இலைகள் பழுப்பேறத் தொடங்கும். அங்குப் பெரும்பாலும் ஊருக்கொரு தேவாலயம் உண்டு. அதன் சன்னல் விளிம்புகளில் பூசணி, ஆப்பிள், வெங்காயம், கோதுமைக் கதிர் எல்லாம் வரிசையாக வந்து அமரும். கதிர்க்கட்டின் வடிவில் சுட்ட பெரிய ரொட்டியையும் பல ஊர்களில் பீடத்தருகே காணலாம். இதுவே அறுவடைத் திருநாள்.

இது மிகத் தொன்மையான வழக்கம் என்று எண்ணத் தோன்றும். ஆனால், இன்றைய வடிவில் இதனைத் தொடங்கியவராகக் குறிப்பிடப்படுபவர், கார்ன்வால் வட்டாரத்தின் மார்வென்ஸ்டோ என்னும் ஊரில் போதகராக இருந்த ராபர்ட் ஹாக்கர். 1843ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் தம் ஊர் மக்களை நன்றி வழிபாட்டிற்கு அழைத்தார். அதற்கு முன்பு, அறுவடை முடிந்ததும் பண்ணைகளில் விருந்து நடக்கும்.

இன்று அவ்வூர்களில் உழவர்கள் குறைவு. பலர் கொண்டுவருவது, கடையில் வாங்கிய டின் உணவைத்தான். பார்வைக்கு அழகில்லை, ஆனால், வறியோருக்கு உதவும் உணவு வங்கிக்கு அதுவே ஏற்றது. பூசணி அழுகிவிடும் அல்லவா?

நவம்பரில் அதே தேவாலயத்தின் தோற்றம் மாறிவிடும். அம்மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, போரில் மாண்டோரை நினைவுகூரும் நாள். மக்கள் செந்நிறப் பாப்பிப் பூவைச் சட்டையில் அணிந்து வருவர். பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். பின்னர், சுவரில் பொறிக்கப்பட்ட பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். சில ஊர்களில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு, மூன்று முறை ஒலிக்கும். முதல் உலகப் போருக்குச் செல்லும்முன், அவர்களுள் பலர் அதே ஊர் வயல்களில் கதிர் அறுத்த இளைஞர்கள்.