செப்புச் சாமானும் சிங்கப்பூர் அப்பாவும்

2004ஆம் ஆண்டு காவிரிப் படுகைப் பிள்ளைகளுக்கு இரண்டு பேரிடிகள் விழுந்தன. ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகைக் கரையைக் கடல் விழுங்கியது. குழந்தையின் மனக்காயத்துக்கும் வைத்தியம் வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகுதான் இந்தப் பக்கம் பரவியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் வந்து உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். விளையாட்டும் ஓவியமும் கதையும் சிகிச்சைக்கு உதவும் என்று பலரும் அப்போதுதான் அறிந்தோம். குழந்தைகளுக்கு விளையாட்டு வழியாகச் சிகிச்சை தரும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் உங்களுக்கு, வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் பொம்மைப் பையைக் கொட்டிப் பாருங்கள். சோபா, கட்டில், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்று கடையில் வாங்கிய வீடு மட்டும் இருந்தால் போதாது. செப்புச் சாமான், மரப்பாச்சி, டிராக்டர், அறுவடை வண்டி, டவுன் பஸ், ஆடுமாடு, ஒரு தாம்பாளம் நிறைய ஆற்று மணல், ஆடிப்பெருக்கன்று பிள்ளைகள் இழுத்துப்போகும் சப்பரம் எல்லாம் வேண்டும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை கட்டாயம் இருக்கட்டும். கோபத்தை வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை அதைத் தள்ளித் தள்ளி விடும், அது எழுந்து நிற்கும், மறுபடி தள்ளும். அந்தக் கோபத்தால் யாருக்கும் அடிபடாது என்பதை அந்தக் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

பொம்மை மனிதர்கள் நிறைய இருக்கட்டும். அப்பாயி, தாய்மாமன், சித்தி, அத்தை இல்லாத குடும்பம் நம் பிள்ளைக்குக் குடும்பமாகவே தெரியாது. விளையாட்டுச் செல்போனும் வையுங்கள். அப்பா பொம்மையை எடுத்துத் தூரத்து ஜன்னல் மேல் உட்கார வைக்கும் குழந்தையைப் பார்த்து, ‘தகப்பன் மேல் வெறுப்பு’ என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். அந்த அப்பா சிங்கப்பூரில் இருக்கலாம், துபாயில் இருக்கலாம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கலாம். கொஞ்சம் பொறுத்தால் பிள்ளையே செல்போனை எடுத்துக் காதில் வைக்கும். அது என்ன பேசுகிறது என்று கேளுங்கள். எத்தனை கேள்வி கேட்டாலும் வராதது அந்தப் பேச்சில் வரும்.

2. ‘விளையாடவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம்?’ என்று வீட்டார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். குறுவை நடவிலும் சம்பா அறுப்பிலும் வரமுடியாமல் போனால் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதாதீர்கள். அந்த மாதங்களில் நீங்கள் அவர்கள் தெருவுக்குப் போங்கள். கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். வீட்டில் யார் சொல் நடக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் பாட்டிதான். பெற்றோருக்கே விளையாடக் கற்றுத்தரும் முறையை அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் கர்னி 1964இல் எழுதினார். நம் ஊரில் அதைப் பாட்டியிடமிருந்து தொடங்கலாம். பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் அவர் உங்களுக்கே ஆசிரியர். வாரம் அரைமணி நேரம், திருத்தாமல், அதட்டாமல், பிள்ளை போகும் போக்கில் கூட விளையாடச் சொன்னால் போதும்.

3. விளையாட்டுச் சிகிச்சை பற்றி வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் எழுதிய நூலில் வழியைக் குழந்தை காட்டட்டும், பெரியவர் பின்தொடரட்டும் என்பது முக்கிய விதி. நல்ல விதிதான். ஆனால் பெரியவர் முன்னால் கைகட்டி நிற்கப் பழகிய பிள்ளை, ‘இதை எடுக்கலாமா டீச்சர்?’ என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அது மரியாதை, அதை நோயாக எண்ண வேண்டாம். ‘எடுத்துக்கம்மா’ என்று சொல்லிவிட்டுப் பொறுத்திருங்கள்.

4. பிள்ளை பயந்திருக்கிறது என்று நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் போய்விட்டுத்தான் உங்களிடம் வருவார்கள். சிரிக்காதீர்கள். மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களிலும், அதிர்ச்சியில் உயிர் உடலைவிட்டு விலகிவிடும் என்ற நம்பிக்கை உண்டு. சுஸ்தோ என்பார்கள், மந்திரிக்கவும் போவார்கள். அந்தக் குழந்தைகளோடு வேலை செய்பவர்களும் அதைக் கேலி செய்யாமல் காதுகொடுத்துக் கேட்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள். விபூதியும் தாயத்தும் இருக்கட்டும். சூடு வைப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது என்றால் அங்கே தயவு தாட்சண்யம் வேண்டாம். உடனே தடுங்கள்.

5. சாவு விளையாட்டு. இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு பிள்ளை மரப்பாச்சியைப் படுக்க வைத்து மாலை போடும், தகரத்தைத் தட்டிப் பறை என்னும், மாரில் அடித்து ஒப்பாரி வைக்கும். ‘விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன அபசகுனம்’ என்று வீட்டில் அடி விழும். உங்கள் அறையிலாவது அது முழுதாக நடக்கட்டும். நம் ஊரில் துக்கத்தைத் தெருவே சேர்ந்து அழுது தீர்க்கிறது. குழந்தையைத்தான் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அது பார்க்காமல் விட்டதைப் பொம்மைக்குச் செய்து பார்க்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1976இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லாவில் பள்ளிப் பேருந்தோடு 26 குழந்தைகள் கடத்தப்பட்டார்கள். பின்னர் லெனோர் டெர் என்ற மருத்துவர் அவர்களை ஆராய்ந்து, அச்சத்தில் உறைந்த பிள்ளை ஒரே விளையாட்டை மாறாமல் திரும்பத் திரும்ப ஆடும், அதனால் ஆறுதல் அடையாது என்று காட்டினார். சுனாமியைக் கண்ட நம் பிள்ளையின் விளையாட்டில் அலை வரும், வீடு இடியும், எல்லாரும் சாவார்கள், மறுநாளும் அதே. ஒரு படகோ, ஒரு தென்னை மரமோ, கைதூக்கிவிட ஓர் ஆளோ கதைக்குள் வந்தால் காயம் ஆறத் தொடங்கிவிட்டது என்று நம்பலாம். வாரக்கணக்கில் எதுவும் மாறாமல் முகமும் இறுகியே இருந்தால் நீங்களாகக் கதையை மாற்றப் பார்க்காதீர்கள், மூத்தவரைக் கேளுங்கள்.

6. சாதியைப் பேசாமல் இந்த மாவட்டங்களில் குழந்தை மனநலம் பேச முடியாது. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. குழு விளையாட்டில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு மட்டும் தனிக் குவளையில் டீ ஊற்றும். ஊற்றிய பிள்ளையை அதட்டாதீர்கள், பார்க்காதது போலவும் இருக்காதீர்கள். வாங்கிக்கொண்ட பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். வாசலில் நிற்கும் அதன் அம்மாவுக்கு மற்றவர்கள் எதிரிலேயே நாற்காலி போட்டு, ‘உட்காருங்கம்மா’ என்று சொல்லுங்கள்.

7. பொம்மை வழியாகப் பாலியல் கொடுமை தெரியவந்தால் துருவிக் கேட்டுப் பிள்ளையை வதைக்காதீர்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது உங்கள் கடமை, மறைப்பது குற்றம். குடும்ப மானம் என்று தாய்மாமனே கெஞ்சினாலும் சரி. குழந்தைகள் உதவி எண் 1098 மனப்பாடமாக இருக்கட்டும்.

8. சில வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிக்கொண்டு உங்களைச் சிகிச்சை உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். உங்கள் அறிவுக்கு மிஞ்சியதைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். முடிந்தால் கூடவே போங்கள்.

9. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தது. இன்னொரு புயலும் வரும். அன்றைக்கு முகாமில் போய் நிற்கும்போது நீங்கள் அந்நியராக இருக்கக்கூடாது. இப்போதே ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருநாள் அதன் அங்கன்வாடித் தரையில் போய் உட்காருங்கள்.