சுவிட்ச் போர்ட்: அடைப்பதும் திறப்பதும்

நம் சங்கக் குடும்பங்களில் படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் கணினி நெட்வொர்க் வேலைக்கு வருகிறார்கள். கட்டளைகள் அவர்களுக்கு மனப்பாடம். எதை, எப்போது அடைப்பது என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சுவிட்ச் என்றால் விளக்கு சுவிட்ச் அல்ல. அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி. அதில் வரிசையாக 24 அல்லது 48 போர்ட்டுகள் இருக்கும். சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சைப் புதிதாக வாங்கி மாட்டும்போதே எல்லாப் போர்ட்டுகளும் திறந்தே இருக்கும். கூட்ட அறைச் சுவரில் சும்மா கிடக்கும் இணைப்பில் வெளியாள் ஒருவர் மடிக்கணினியைச் செருகினால் உள்ளே நுழைய வழி கிடைத்துவிடும். ஆகவே பயன்படாத போர்ட்டை அடைத்து வைக்க வேண்டும்.

'கான்ஃபிகர் டெர்மினல்' என்று கொடுத்து, 'இன்டர்ஃபேஸ்' என்பதோடு போர்ட் எண்ணைச் சேர்த்து, 'ஷட்டவுன்' என்றால் போர்ட் அடைபடும். திறக்கத் தனிச் சொல் கிடையாது. 'நோ ஷட்டவுன்', அதாவது 'அடைக்காதே' என்றுதான் சொல்ல வேண்டும்! செய்ததைச் சேமிக்காவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் பழைய நிலைதான்.

அடைக்குமுன் 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பாருங்கள். 'நாட்கனெக்ட்' என்றால் மறுமுனையில் உயிர் இல்லை. ஞாயிறன்று பார்த்துவிட்டு அதை அடைக்காதீர்கள். திங்களன்று பிரின்டர் வேலை செய்யாது. 'டிசேபிள்டு' என்றால் ஆள் அடைத்தது. 'எர்-டிசேபிள்டு' என்றால் சுவிட்சே அடைத்துக்கொண்டது.

இந்த மூன்றாவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரே கம்பியின் இரு முனைகளையும் யாரோ இரண்டு சுவர் இணைப்புகளில் செருகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தகவல் வட்டமடித்துப் பெருகி அலுவலகமே ஸ்தம்பித்துவிடக்கூடும். 'பிபிடியு கார்ட்' என்ற காவலைப் போட்டிருந்தால் சுவிட்ச் அந்தப் போர்ட்டை உடனே அடைத்துவிடும். கம்பியை எடுக்காமல் போர்ட்டைத் திறந்தால் மறுபடி அடைபடும். முதலில் காரணத்தை நீக்கி, பிறகு 'ஷட்டவுன்', 'நோ ஷட்டவுன்' கொடுக்க வேண்டும்.

வெளியூர் சுவிட்சில் வேலை என்றால் இன்னும் கவனம் தேவை. புனேயில் உட்கார்ந்து நாக்பூர் சுவிட்சைத் திருத்துகிறீர்கள். நீங்கள் நுழைந்த போர்ட்டையே அடைத்துவிட்டால், திறக்கும் கட்டளை அங்கே போய்ச் சேராது. ஆள்தான் ஓட வேண்டும். எனவே நான் தொடங்குமுன் 'ரீலோட் இன் 10' கொடுத்துவிடுவேன். தொடர்பு அறுந்தால் 10 நிமிடத்தில் சுவிட்ச் மீண்டும் தொடங்கி, சேமித்த பழைய நிலைக்கு வரும். எல்லாம் சரியென்றால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்து, அதன் பிறகே சேமிப்பேன். மீண்டும் தொடங்கும் சில நிமிடங்கள் அங்குள்ள எல்லோருக்கும் இணைப்பு இருக்காது; அதனால் இதை அலுவலக நேரம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.